கன்றுக்குட்டியும் பி-ஒன் ஊசியும்



மூன்று வாரமாக முகநூல் பக்கம் வரவில்லை. நடுவில் என் பிறந்தநாள் வந்து போயிருக்கிறது. வாழ்த்துச் சொன்ன யாருக்கும் நன்றி போடவில்லை. 1994 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் "சாருக்கு என்ன ஆச்சு, விசாரிங்கப்பா" என்று ஒருவர் போட, அடுத்தடுத்து நாலு போன். எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு கன்றுக்குட்டிக்கு மூளையில் நோய். சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் போனில் சொல்லவில்லை. இப்போது முழுசாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு லால்குடிப் பக்கம் எங்கள் சொந்த ஊரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு ஜெர்சி கலப்பு மாடு. செவலை. அது போன ஐப்பசியில் ஒரு கிடேரிக் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பேரன் அதற்குப் பொட்டு என்றே பெயர் வைத்துவிட்டான். ஆறு வயது அவனுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூட இறக்காமல் கொட்டகைக்குத்தான் ஓடுவான். விரலைக் கொடுப்பான், அது சப்பும். இருவருக்கும் அப்படி ஒரு சிநேகம்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். மாட்டுப் பொங்கல் முடிந்து பத்து நாளில் பேரனுக்குக் காதுகுத்து. இருநூறு பேருக்குச் சமைத்து நூற்றிருபது பேர்தான் வந்தார்கள். அண்டாவில் பாதிச் சோறு மிச்சம். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

காதுகுத்து முடிந்து ஒரு வாரம் இருக்கும், ஒரு வியாழக்கிழமை. காலையில் கறவைக்குக் கன்றை அவிழ்த்துவிட்டால் அது தாயிடம் போகவில்லை. கொட்டகை மூலையில் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. முட்டவில்லை. அழுத்தம் மட்டும்தான். ஏதோ சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிற மாதிரி. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தண்ணீரில் நடப்பது போல் நடந்தது. நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இடித்தது. பின்வாங்கி மறுபடியும் இடித்தது. கண் திறந்துதான் இருந்தது. கண்ணில் பூ விழவில்லை, சிவப்பு இல்லை, நீர் கூட வடியவில்லை. ஆனால் என் கையை முகத்துக்கு நேரே கொண்டுபோனால் இமைக்கவில்லை.

பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்து பார்த்தார். எண்பதைத் தாண்டியவர், அவர் காலத்தில் பத்து ஜோடி மாடு வைத்திருந்தவர். "இது இழுப்பு தம்பி. நெத்தியில சூடு போட்டாத்தான் நிக்கும்" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. பின்கட்டு அடுப்பில் கருக்கரிவாளைச் செருகியே விட்டார். நான் முப்பத்து நான்கு வருஷம் அறிவியல் வாத்தியார். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஏதாவது ஒன்று செய்தால் போதும் என்றிருந்தது. என் மனைவிதான் அடுப்பை அணைத்தாள். "டாக்டருக்குப் போன் போடுங்க முதல்ல" என்றாள்.

எங்கள் கால்நடை மருந்தகத்தில் இருப்பவர் சின்ன வயசு டாக்டரம்மா. நாமக்கல் கல்லூரியில் படித்தவர். என் மாணவி அல்ல. (எந்த டாக்டரைப் பற்றி எழுதினாலும் "உங்க ஸ்டூடண்ட்டா சார்" என்று கமெண்டில் கேட்பீர்கள். அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.) ஒன்பது மணிக்கெல்லாம் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். கொட்டகை வாசலிலேயே நின்று இரண்டு நிமிஷம் கன்றைப் பார்த்தார். கிட்டே போகவில்லை. பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். முதல் கேள்வி: "ஐயா, நாய் எதுவும் கடிச்சுதா? நாலஞ்சு மாசத்துக்குள்ள?"

எனக்குச் சட்டென்று வயிறு கலங்கியது. கார்த்திகையில் ஒரு தெருநாய் கொட்டகைக்குள் புகுந்து செவலை கத்தி, நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி விரட்டியிருக்கிறேன். கன்றின் உடம்பில் காயம் எதுவும் பார்க்கவில்லை. ஆனால் நன்றாகத் தேடிப் பார்த்தேனா என்றால், இல்லை.

வெறிநாய்க்கடி நோய் மாட்டுக்கும் வரும், கடித்து வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் அறிகுறி தெரியும், தெரிந்த பிறகு மருந்தே கிடையாது, எச்சிலில் கிருமி இருக்கும். இதெல்லாம் நான் பாடம் நடத்தியதுதான். டாக்டரம்மா அடுத்துக் கேட்டார், "வாய்க்குள்ள கை விட்டது யாரு?" கன்றுக்குத் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து நான் அன்று காலை விட்டிருந்தேன். பிறகுதான் பேரன் ஞாபகம் வந்தது. தினமும் விரல் கொடுக்கிறவன். காதுகுத்து அன்று மத்தாப்புக் கொளுத்தி விரலில் சுட்டுக்கொண்ட புண் அவனுக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

"ரேபிஸ்னு நான் சொல்லல ஐயா. ஆனா இல்லன்னு தெரியற வரைக்கும் அதுதான்னு வச்சுக்கணும். சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவுங்க. இன்னைக்கே ரெண்டு பேரும் போய் ஊசி போட்டுக்குங்க. கன்னு என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு இருக்காதீங்க" என்றார்.

மருமகள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மகன் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினான்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்த பரிசோதனையை நான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் முன்னால் பார்த்திருந்தால் வகுப்பில் அப்படியே செய்து காட்டியிருப்பேன். முதலில் காய்ச்சல் பார்த்தார். 102. கன்றுக்கு அது சாதாரணம்தான். தொப்புள் வழியாகக் கிருமி ஏறி மூளைச் சவ்வு வீங்கியிருந்தால் பெரும்பாலும் காய்ச்சல் அடித்திருக்கும், அதுவும் பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் வருவது அதிகம். வாய்ப்பூட்டு இல்லை, கால் கட்டை மாதிரி விறைக்கவில்லை, கண்ணின் மூன்றாவது இமை மேலே வரவில்லை, ஆக வில்வாதமும் இல்லை. அப்புறம் செல்போன் டார்ச்சைக் கண்ணில் அடித்தார். பாப்பா சுருங்கியது. கையைக் கண்ணுக்கு நேரே வீசினார், காற்றுப் படாதபடி மெதுவாக. இமைக்கவே இல்லை.

"பாத்தீங்களா ஐயா? வெளிச்சம் பட்டா பாப்பா சுருங்குது. அப்ப கண்ணு நல்லா இருக்கு, நரம்பும் நல்லா இருக்கு. வர்ற படத்தப் பாத்துப் புரிஞ்சுக்கற இடம்தான் வேலை செய்யல. மூளையோட மேல்பகுதி."

கண்ணிருந்தும் குருடு. கேமரா சரி, வயர் சரி, டிவிதான் அணைந்திருக்கிறது.

அப்படி மேல்மூளை வீங்குவதற்கு இந்த வயசுக் கன்றில் இரண்டு முக்கியக் காரணம் என்றார். ஒன்று ஈயம். பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா இவற்றைக் கன்று நக்கினால் வரும். கன்றுகளுக்கு எதையும் நக்கிப் பார்க்கிற குணம். இன்னொன்று தீனி. "பெயிண்ட் அடிச்சிருக்கீங்க போலிருக்கே?" என்று புதுச் சுவரைப் பார்த்துக் கேட்டார். காலி டப்பா இரண்டு கொட்டகைக்குப் பின்னால்தான் கிடந்தது. எடுத்துக் காட்டினேன். ஒன்றில் மூடி இல்லை. அவர் முகம் மாறியது. ரத்தம் எடுத்துக் குழாயில் ஊற்றிக்கொண்டார்.

"தீனி என்ன குடுக்கறீங்க ஐயா? திடீர்னு எதுவும் மாத்தினீங்களா?"

"தாய்ப்பால். வைக்கோல். கொஞ்சம் தவிடு. எப்பவும் போலத்தான்" என்றேன்.

பொய்.

உங்களில் எத்தனை பேரை, வீட்டுப்பாடம் எழுதாமல் நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்னதற்காக வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறேன். அந்த ஆள் சொன்ன பொய் இது.

நடந்தது இதுதான். பொங்கலிலிருந்து அந்தக் கன்றுக்குத் தினமும் நான் சோறு கொடுத்துக்கொண்டிருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்று வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம், இரண்டு வாய் நக்கிவிட்டு என் கையை நக்கியது. மறுநாள் பழையசோற்றில் கொஞ்சம் வைத்தேன். பிறகு என் காலடிச் சத்தம் கேட்டாலே கத்த ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற வாத்தியாரைப் பார்த்து ஆவலாக எழுந்து நிற்க ஒரு ஜீவன் இருந்தால் அவர் என்ன செய்வார், சொல்லுங்கள். காதுகுத்துச் சோறு மிஞ்சியபோது நாலு நாள் அதற்குச் சோறுதான், அன்னக்கூடையில் அள்ளி வைத்தேன். வைக்கோலைத் தொடவே இல்லை அது. மனைவி இரண்டு தடவை சொன்னாள், "கன்னுக்குட்டிக்குச் சோறு எதுக்குங்க, வைக்கோலக் கடிச்சுப் பழகட்டும்." நான்தான் "உனக்கு என்ன தெரியும்" என்றேன். அன்று காலை கழிந்து வைத்திருந்த புளித்த நாற்றச் சாணத்தையும், டாக்டர் வருகிறாரே கொட்டகை சுத்தமாக இருக்கட்டும் என்று, நானே ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவிவிட்டேன். வேண்டுமென்று மறைக்கவில்லை. ஆனால் கேட்டபோது சொல்லவில்லை. வாசலில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், வாத்தியார் சோறு போட்டுக் கன்றைக் கெடுத்துவிட்டார் என்று ஆகிவிடுமே என்ற ஒன்றைத் தவிர வேறு காரணம் இல்லை. மனைவி தூணோரம் நின்று என்னையே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா பெயிண்ட் டப்பாவையும் நாயையும் மனதில் வைத்துக்கொண்டு போனார். கன்றைத் தனியாகக் கட்டுங்கள், யாரும் வாயைத் தொடாதீர்கள், பால் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், விழுங்கத் தெரியாத நிலையில் நுரையீரலுக்குப் போய்விடும், சாயங்காலம் வருகிறேன் என்றார்.

நாங்கள் அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தோம். பேரன் ஊசிக்கு அழவில்லை. "பொட்டுவுக்கும் ஊசி போடுவாங்களா தாத்தா?" என்று மட்டும் கேட்டான்.

திரும்பி வந்தபோது மதியம் இரண்டு மணி. கன்று பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கழுத்து வில் மாதிரி பின்னால் வளைந்து, தலை முதுகைத் தொடப் போகிற அளவுக்கு. விழி மேலே செருகி, நாலு காலும் சைக்கிள் மிதிப்பது போல் அடித்துக்கொண்டன. ஒரு நிமிஷம் நிற்கும், மறுபடி வரும். அதைப் பார்த்த பேரன் வாயைத் திறந்தான். "தாத்தா, பொட்டுக்குப் பசிக்குது போல. நீங்க சோறு வைக்கலையா?"

என் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளே பேசினாள். "டாக்டரம்மா, மூணு வாரமா அதுக்குச் சோறுதாம்மா. சாணி புளிச்ச நாத்தம் அடிச்சுது. அவரு சொல்ல மறந்துட்டாரு."

சொல்ல மறந்துட்டாரு. நாற்பத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் எனக்காகச் சொன்ன இன்னொரு பொய் எனக்கு ஞாபகம் இல்லை.

அரை மணி நேரத்தில் அவர் வந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இடது பக்க வயிற்றில் நீளமான ஊசியைச் செலுத்திச் சில சொட்டுத் திரவம் உறிஞ்சி, ஒரு நிறத்தாளில் விட்டார். நாம் ஆய்வகத்தில் பயன்படுத்தினோமே, அதே மாதிரித் தாள். ஐந்துக்குப் பக்கத்தில் காட்டியது. வைக்கோல் தின்கிற மாட்டுக்கு ஆறரை, ஏழு இருக்க வேண்டும். நான் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. நாம் பி வைட்டமினை உணவிலிருந்து எடுக்க வேண்டும். மாட்டுக்கு அந்த நுண்ணுயிரிகளே செய்து கொடுத்துவிடும். திடீரென்று சோறு, மாவு என்று மாவுச்சத்தைக் கொட்டினால் வயிறு புளித்துவிடுகிறது. நல்ல நுண்ணுயிரிகள் சாகின்றன. பி-ஒன்னைச் சிதைக்கிற நொதியைச் சுரக்கும் சில பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பில் பெருகுகின்றன. தயாமின் என்கிற பி-ஒன் இல்லாவிட்டால் மூளையால் குளுக்கோஸை எரித்துச் சக்தி எடுக்க முடியாது. மேல்மூளை பட்டினியில் வீங்குகிறது. மண்டையோடு விரியாதே, வீங்கினால் எங்கே போகும்? அதுதான் குருடு, அதுதான் வானம் பார்க்கிற கழுத்து, அதுதான் வலிப்பு.

"தயாமின் குடுப்போம் ஐயா. இதுக்கு உடனே ஊர்ல டெஸ்ட் கிடையாது. மருந்துதான் டெஸ்ட். ஒரு நாளைக்குள்ள கொஞ்சமாவது தெளிஞ்சா நாம நினைச்சது சரி. தெளியலன்னா..." நாய் விஷயத்தை அவர் மறுபடி சொல்லவில்லை.

டேப் வைத்து அளந்து எடை அறுபது கிலோ என்று கணக்கிட்டார். கிலோவுக்குப் பத்து மில்லி கிராம். அறுநூறு. கழுத்து நரம்பில் மிக மிக மெதுவாக ஏற்றினார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. வீக்கம் வடிய ஒன்று, வலிப்பு நிற்க ஒன்று. ஆறு மணிக்கொரு தடவை தயாமின் தசையில் போட வேண்டும். ராத்திரி பத்துக்கு, விடியற்காலை நாலுக்கு. "காலைல குடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். இதுல ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு" என்று பையை மூடிக்கொண்டே சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. அதனால்தான் தைத்தது.

எனக்குக் கை நடுக்கம், ஊசி போட முடியாது. பத்து வீட்டுக்குப் பால் கறக்கிற ஒருவனைக் கூப்பிட்டோம். கையில் ஊசி பிடிக்கத் தெரிந்தவன். டாக்டரம்மா கழுத்தில் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டி, கையுறை கொடுத்து, அவனையும் மறுநாளே ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். அவன் என் மாணவன். 1990-களில் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாற்பத்தைந்து வயதாகிறது, இருந்தாலும் எனக்கு அவன் "அவன்"தான். அப்போது அவன் நின்றுபோனதும் ஒரு முறை வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசினேன். அந்தம்மா சரி என்றார். அவன் வரவில்லை. இரண்டாவது முறை நான் போகவில்லை. அவ்வளவுதான் என் முயற்சி.

ராத்திரி பத்து மணி ஊசிக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போகவில்லை. நாலு மணிக்குத்தானே கறவைக்கு எழுந்திருக்கணும், இங்கேயே இருக்கேன் சார் என்றான். வைக்கோலை மெத்தையாகப் பரப்பி, கன்றை நெஞ்சை ஊன்றி நிமிர்த்தி உட்கார வைத்து இரண்டு பக்கமும் சாக்கு மூட்டை முட்டுக் கொடுத்தான். ஒரே பக்கம் கிடந்தால் வயிறு உப்பிவிடும், கால் மரத்துவிடும். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டினோம். நடுவில் கேட்டான்.

"என்ன ஊசி சார் இது?"

"பி-ஒன்."

"சோத்தத் தின்னு பி-ஒன்னு இல்லாம போச்சா?" கொஞ்ச நேரம் யோசித்தான். "நீங்க சொல்வீங்களே சார், சப்பான்ல ஒரு டாக்டரு கோழிக்கு ஆஸ்பத்திரிச் சோத்தப் போட்டு, அதுங்க எல்லாம் கால் இழுத்துக்கிட்டு விழுந்துச்சுன்னு."

"ஜப்பான் இல்லடா. ஜாவா" என்றேன். வாத்தியார் புத்தி.

மற்றபடி அவன் சொன்னது சரி. உங்களில் சிலருக்கும் ஞாபகம் இருக்கலாம். 1890-களில் டச்சு மருத்துவர் எய்க்மான், ஜாவாவில் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தவர். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை ஆய்வுக்கூடக் கோழிகளுக்குப் போட்டார்கள். கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனது. பிறகு வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட, தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மான் முதலில் வெள்ளைச் சோற்றில் ஏதோ நச்சு இருக்கிறது என்றுதான் நினைத்தார். நச்சு அல்ல, தவிட்டோடு போகிற ஏதோ ஒன்றின் குறைவு என்று பிறகு க்ரைன்ஸ் கண்டார். 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு. பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி அது.

கன்றின் கதை அதே கதை அல்ல, கோழி வேறு, அசை போடும் மாட்டு வயிறு வேறு. ஆனாலும் மிஞ்சிய சோறு, கால் இழுப்பு, பி-ஒன். முப்பது வருஷம் கரும்பலகையில் அதை எழுதிய எனக்கு வியாழக்கிழமை முழுக்க ஞாபகம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் நின்றவனுக்கு ஊரின் பெயர் மட்டும்தான் தப்பாக இருந்தது.

நாலு மணி ஊசி போடும்போது கழுத்தைப் பிடித்த அவன், "சார், இளகியிருக்கு" என்றான். நானும் தொட்டுப் பார்த்தேன். ராத்திரி கட்டையாக இருந்த கழுத்து வளைந்து கொடுத்தது. வலிப்பு பன்னிரண்டு மணிக்குப் பிறகு வரவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம். பல் கடிக்கிற சத்தமும் நின்றிருந்தது. செவலை ஒரு தடவை கூப்பிட்டது. கன்று காதைத் திருப்பியது.

அதற்குப் பிறகு வேகமாகச் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை பகலில் முட்டு இல்லாமல் தானே நிமிர்ந்து உட்கார்ந்தது. விழுங்குகிறது என்று உறுதியான பிறகு டாக்டரம்மா புளிப்புக்குச் சோடா உப்புக் கரைசல் கொடுத்தார். சனிக்கிழமை, வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து இருவர் தூக்க, நின்றது. நாலாம் நாள் மோந்து மோந்து தாய்மடியைக் கண்டுபிடித்துக் குடித்தது. அன்றைக்கு மருமகள் அழுதாள், வியாழக்கிழமை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து. பார்வை மட்டும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வலது கண்ணுக்கு நேரே கையை வீசினால் இமைத்தது. இடது பக்கம் இன்னும் சந்தேகம்தான். வாசலில் நுழையும்போது இடது தோள் நிலையில் இடிக்கிறது. இன்னும் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. காலை ஒன்பதுக்கும் மதியம் இரண்டரைக்கும் நடுவில் உள்ள ஐந்தரை மணி நேரத்தை அது ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் நான் எண்ணுகிறேன்.

ரத்தத்தில் ஈயம் இல்லை என்று வந்துவிட்டது. நாய்ப் பயமும் கன்று பிழைத்ததோடு போனது, இருந்தாலும் மருத்துவர் சொன்ன ஊசி எதையும் நாங்கள் விடவில்லை. கடைசி ஊசி வருகிற வியாழன்.

டாக்டரம்மாவிடம் நான் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். மறக்கவில்லை அம்மா, மறைத்தேன் என்று. "தெரியும் ஐயா" என்றார். "எல்லாரும் மறைப்பாங்க. பொங்கல் முடிஞ்சா எங்களுக்குச் சோத்துக் கேஸ்தான். அதனாலதான் ரெண்டாவது தடவையும் கேக்கணும்னு சொல்லிக்குடுத்தாங்க. நாய்னதும் நான் கேக்க விட்டுட்டேன்" என்றார்.

உறவுகளில் மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும்: விசேஷ வீட்டுச் சோறு, பொங்கல், கஞ்சி, அரைத்த மாவு எதையும் மாட்டுக்கோ கன்றுக்கோ கொட்டாதீர்கள். சுவரில் தலையை அழுத்தினால், வானம் பார்த்தால், எச்சில் ஒழுகினால் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாயில் விடாதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள், 1962-க்கு அடித்தாலும் வருவார்கள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்கள்.

படத்தில் பொட்டுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்தான் அந்த ராத்திரிக்காரன். அவன் முகநூலில் இல்லை. அவன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் உயிரியல் கேட்க வருகிறாள். போன வாரம்தான் ஆரம்பித்தோம்.

நேற்றுச் சாயங்காலம் சித்தப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். கன்று வைக்கோல் கடிப்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சூடு விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"என்ன ஊசி தம்பி போட்டாங்க அதுக்கு?"

"பி-ஒன் சித்தப்பா."

"அப்படியா" என்று திண்ணையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கும் ராத்திரில ரெண்டு பாதமும் மரத்துப் போகுது. அந்தப் பொண்ணு அடுத்த தடவை வந்தா எனக்கும் ஒண்ணு போடச் சொல்லேன்."